தட்டில்லாத ஃபிரிட்ஜ்

அத்தியாயம் 9

மலைப் பக்கம் கருத்தால் பிளக்கைப் பிடுங்கு. வாழ வந்த வீட்டில் கோகிலவாணி போட்ட முதல் சட்டம் அதுதான்.

சங்கராபுரத்துக்கு மேற்கே இருக்கிறது அந்த ஊர். வாசலில் நின்றாலே கல்வராயன் மலை தெரியும். மலையில் இருட்டிக்கொண்டு வந்தால், கொடியில் காயும் துணியை எடுத்து மடிப்பதற்குள் இங்கே இடி இறங்கிவிடும். மாமனார் ராஜாங்கம் சட்டத்தை மதித்தார். மாமியார் தங்கமணியும் மதித்தாள். மதிக்காத ஆள் ஒருத்தன் இருந்தான். அவனைத்தான் கோகிலா கட்டிக்கொண்டிருந்தாள்.

நடந்த கதை உங்களுக்குத் தெரியும். நடுவில் ஊருக்குப் போய்விட்டு இந்த வாரம்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேட்சின் கடைசி ஓவரை விட மனசில்லாமல் அறிவுச்செல்வன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். இடி விழுந்தது. டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி மூன்றும் அடங்கிவிட்டன. மூன்றும் கோகிலா கொண்டுவந்த சீர். அவள் வயிற்றெரிச்சலில் இரண்டு வார்த்தை கேட்டாள். இவன் சும்மா இருந்திருக்கலாம். "உங்கப்பா வாங்கிக் குடுத்ததே கம்பித் தட்டு போட்ட பழைய மாடலு. ஊரே கண்ணாடித் தட்டு வாங்குது. அதான் ஒரு இடி தாங்கல" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் கோகிலா துணிப்பையோடு சின்னசேலத்துக்குப் பஸ் ஏறினாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் இன்னும் வரவில்லை. யார் கூப்பிட்டாலும் ஃபோனை எடுப்பதில்லை.

இன்று காலை அந்த வீட்டுத் தெருவில் பழைய இரும்புக்காரரின் மைக் சத்தம் கேட்டது.

"பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், ஓடாத மிக்சி, ஓடாத ஃபிரிட்ஜ், ஓடாத டிவி வாங்குறோம்" என்று ரெக்கார்டு செய்த குரல் சொன்னதையே சொல்லிக்கொண்டு போனது.

ராஜாங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னா தங்கம், கூப்புடட்டா? கூடத்துல பொணம் மாதிரி மூணு கெடக்குது. நடக்கக்கூட எடமில்ல."

"கூப்புட்டுப் பாருங்க" என்றாள் தங்கமணி. அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி போனதிலிருந்து அவளுக்குத் தோள்பட்டை வலி. அந்தக் குரலில் வலியும் சேர்ந்திருந்தது.

அறிவு தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "இரும்புக்குப் போட வேணாம்பா. கள்ளக்குறிச்சியில எக்ஸ்சேஞ்சு போட்டிருக்கான். ஓடாததக் குடுத்துட்டு புதுசு எடுத்துக்கினு வந்துடலாம். கண்ணாடித் தட்டு."

தங்கமணி குழவியை நிறுத்தினாள்.

"டேய், அந்தக் கண்ணாடித் தட்டுப் பேச்ச வுட மாட்டியா நீ? அதனாலதான் வூடு இப்பிடிக் கெடக்குது. அது அவ பொருளு. அவளக் கேக்காம ஒரு ஸ்குரூவக்கூட யாரும் கழட்டக் கூடாது."

"அவதான் ஃபோன எடுக்கலியே."

"எடுக்க மாட்டா. நானா இருந்தாலும் எடுக்க மாட்டேன்."

அறிவு துண்டைக் கொடியில் போட்டான். அவனுக்கு வீம்பு ஜாஸ்தி. போய்க் கூப்பிட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிற ஜாதி. அதே சமயம் ராத்திரியில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பதும் அவன்தான். பெற்றவளுக்கு இரண்டுமே தெரியும்.

"கோகிலா தம்பி சுபாஷு சின்னசேலத்துல ரிப்பேர் கடதான வச்சிருக்கான்?" என்றாள் தங்கமணி, சட்னியை வழித்துக்கொண்டே. "எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கினு அவங்கிட்டப் போ. வூட்டுக்கு மொதல்ல போயி அவகிட்ட சொல்லு. இத இன்னா செய்யலாம், நீ சொல்றதுதான்னு சொல்லு."

"நானாப் போயி கூப்புடணுமா?"

"யாரு கூப்புடச் சொன்னா? ரிப்பேருக்குப் போற."

அறிவு முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. அதற்குப் பிறகு அவன் சவரம் செய்துகொண்டான். ரிப்பேர் கடைக்குப் போகிறவன் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்தான். தங்கமணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

கூட்டாளி பகலவன் தன் குட்டியானையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சந்தைக்கு மரவள்ளி ஏற்றுகிற வண்டி. வெறும் தகரத்தில் ஃபிரிட்ஜை வைத்தால் சின்னசேலம் போய்ச் சேர்வதற்குள் பள்ளம் மேட்டில் அடிவாங்கிவிடும் என்று தங்கமணிக்குக் கவலை. உள்ளே போய் இலவம்பஞ்சு மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். அதுவும் கோகிலாவின் சீர்தான். மெத்தையை விரித்து, அதன்மேல் ஃபிரிட்ஜைச் சாய்த்து, பக்கத்தில் டிவியையும் மிக்சியையும் போர்வை சுற்றி வைத்தார்கள்.

ஏற்றுவதற்கு முன்னால் ஃபிரிட்ஜுக்குள் இருந்த கம்பித் தட்டுகளையும் காய்கறி டப்பாவையும் தங்கமணி வெளியே எடுத்துவிட்டாள்.

"வழியெல்லாம் லொடலொடன்னு ஆடிக்கினே போவும். இங்கியே இருக்கட்டும். கழுவி வெக்கிறேன். திரும்பி வந்தா போட்டுக்கலாம்."

"டிவி ரிமோட்டு?" என்று அறிவு கேட்டான்.

ராஜாங்கம் ரிமோட்டை மடியில் வைத்திருந்தார். டிவி செத்த நாளிலிருந்து அதை அவர் கீழே வைக்கவில்லை. "ரிமோட்டு நல்லாத்தான் கீது. அதுக்கு இன்னா ரிப்பேரு?" என்றார்.

வண்டி கிளம்பும்போது அறிவு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னான். "ஆவாதுன்னு சுபாஷு சொல்லிட்டான்னா அப்பிடியே கள்ளக்குறிச்சியில தள்ளிட்டு வந்துடறேன்பா. அம்மாகிட்ட சொல்லாத."

ராஜாங்கம் தலையாட்டினார். இந்தத் தலையாட்டலை மறக்காதீர்கள்.

அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேருமே ஊரில் எத்தனையோ கல்யாணம் பார்த்தவர்கள், எத்தனையோ பஞ்சாயத்தும் பார்த்தவர்கள். கட்டிக்கொண்டு வந்த பெண் பிறந்த வீட்டில் இருக்கிறாள். அவள் சீரெல்லாம் மெத்தையோடு ஒரு வண்டியில் ஏறி அவள் வீட்டுக்கே போகிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நல்லது செய்கிற மும்முரத்தில் இருந்தார்கள்.

*

சின்னசேலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே போகும் தெருவில் கோகிலாவின் அப்பா தெய்வசிகாமணியின் வீடு. மனைவி போன பிறகு மகளையும் மகனையும் அவர்தான் ஆளாக்கினார். மரவள்ளி போட்டு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிக்கு ஏற்றி, அந்த வெள்ளாமையில்தான் மகளுக்குச் சீர் செய்தார்.

அன்று காலை கோகிலா துணிப்பையை எடுத்து வைத்துக்கொண்டாள். மதியம் பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் மாமியார் அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு இரண்டு நாளாக அவளை அரித்தது. அந்த மடையன் சாப்பிட்டானோ இல்லையோ என்ற நினைப்பும் இருந்தது. அதை அவள் தனக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

எதற்காக வந்தேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. கம்பித் தட்டு என்று அவன் சொன்னதை அப்பா காதில் போட அவளுக்கு வாய் வரவில்லை. சேலம் போய் நாலு கடை ஏறி இறங்கி அந்த ஃபிரிட்ஜை எடுத்தவர் அவர்.

"அப்பா, மத்தியான பஸ்ஸுக்கு நான் கெளம்பறேன்" என்றாள்.

"இன்னும் ரெண்டு நாளு இரேன்" என்றார் தெய்வசிகாமணி. அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். மகள் இத்தனை நாள் தங்கியது அவருக்கு உள்ளூரக் கலக்கமாகத்தான் இருந்திருக்கிறது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அமிர்தம் வந்தாள். வாசற்படியில் கால் வைக்காமலே நின்றாள்.

"அண்ணே, கேட்டாண்ட உங்க மாப்ள நிக்கிறாரு. ரயிலு போவணும்னு கேட்ட மூடிட்டான். வண்டியில..." என்று இழுத்தாள்.

"வண்டியில இன்னா?"

அமிர்தம் கோகிலாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "சீரெல்லாம் இருக்குதுண்ணே. மெத்தகூட இருக்குது."

சீர் போன வழியே திரும்பி வந்தால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். உன் பெண்ணும் வேண்டாம், நீ கொடுத்ததும் வேண்டாம். பேச்சு முறிந்தது. இதை வாயால் சொல்ல வேண்டியதில்லை, வண்டி சொல்லிவிடும்.

கோகிலா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துணிப்பை மடியிலேயே இருந்தது. அவள் அழவில்லை. அழுகை வந்தால் தேவலை என்று இருந்தது.

*

கேட் திறந்து வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"இன்னாடா, நம்மளுக்கு இம்மா வரவேற்பு?" என்றான் பகலவன்.

அறிவு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். யாரும் சிரிக்கவில்லை என்பதை அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

பகலவன் இறங்கிப் பின்பக்கம் போய்க் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தான். தெய்வசிகாமணி வந்து அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எறக்கக் கூடாது தம்பி. ஒரு பொருளு கீழ எறங்குனாலும் நாங்க ஏத்துக்கினதா ஆயிடும்."

"மாமா, ரிப்பேருக்கு..." என்று ஆரம்பித்தான் அறிவு.

"வாங்க மாப்ள" என்றார் அவர். அந்த நேரத்திலும் மரியாதை தவறவில்லை. "எம் பொண்ணு இன்னா குத்தம் செஞ்சா? அத மட்டும் சொல்லுங்க. குத்தம் இருந்தா நான் கண்டிக்கிறேன். அதுக்குன்னு மெத்தையத் தெருவுல கொண்டாந்து நிறுத்துவீங்களா?"

அறிவு திரும்பி வண்டியைப் பார்த்தான். மெத்தை, ஃபிரிட்ஜ், டிவி, மிக்சி. தெருவில் நிற்கிறவர்களின் கண்ணால் இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

"ஐயோ மாமா, அது அடிபடாம இருக்கட்டும்னு அம்மா அடியில போட்டது."

"சீர வந்த வழியே அனுப்புறவங்க அடிபடாம அனுப்புறத இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள் அமிர்தம். கூட்டத்தில் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள்.

"எல்லாம் இடி வுழுந்து போனது. சுபாஷுகிட்டக் குடுக்கத்தான் வந்தேன். கோகிலாகிட்ட கேட்டுட்டு."

"கேட்டுட்டுன்னா ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமில்ல?" என்றார் தெய்வசிகாமணி.

"எடுத்தாத்தான மாமா?"

பதில் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கயிற்றை அவர் விடவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் ரிப்பேர் என்ற பேச்சே எடுபடாது. இரண்டு வீட்டையும் எதிரெதிரே உட்கார வைத்து நகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கோகிலா வெளியே வந்தாள்.

அவனைப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்குப் போனாள். டயரில் கால் வைத்து, பக்கப் பலகையைப் பிடித்து மேலே ஏறினாள். போர்வையை விலக்கி, சாய்ந்து கிடந்த ஃபிரிட்ஜின் கதவை இழுத்துத் திறந்தாள். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

"தட்டெல்லாம் எங்க?" என்று கேட்டாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இன்னா தட்டு?"

"உள்ள இருந்த தட்டு. காய்கறி டப்பாவக் காணோம், ஒண்ணுத்தையும் காணோம்."

"அம்மா எடுத்து வச்சிட்டாங்க. லொடலொடன்னு ஆடுமாம். கழுவி வெக்கிறேன், திரும்பி வந்தா போட்டுக்கலாம்னு சொன்னாங்க."

கோகிலா மிக்சியைச் சுற்றியிருந்த போர்வையைப் பிரித்தாள். "பெரிய ஜாரு மட்டுந்தான் இருக்குது. சின்ன ஜாரு?"

"அதுல ஒடச்ச கடலையக் கொட்டி வச்சிருக்காங்க."

"டிவி ரிமோட்டு?"

"அப்பா கையில. கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டாரு."

கோகிலாவின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று தெருவுக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

"அப்பா, கயித்த வுடுங்க" என்றாள். "அறுத்துக்கினு போறவங்க ஒரு ஸ்பூனுகூட பாக்கி வெக்க மாட்டாங்க. தேடித் தேடி அனுப்புவாங்க. எங்க அத்த தட்டக் கழுவி வெச்சிருக்குது. இது திரும்பிப் போறதுக்கு வந்த வண்டி."

அமிர்தம் யோசித்தாள். "அதுவும் செரிதான். எங்க சின்னம்மா பொண்ணுக்கு அனுப்புனப்ப தொடப்பக்கட்டகூட வந்திச்சி" என்றாள். இதைக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப் பேர் தளர்ந்துவிட்டார்கள். வேடிக்கைக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தெய்வசிகாமணி மட்டும் தளரவில்லை. "அது செரிம்மா. ஆனா ரிப்பேருக்கு வந்தவரு, நீ இத்தினி நாளா இங்க இருக்கறது எதுக்குன்னு சொல்லலியே. நீயும் சொல்லல."

கோகிலா வாயைத் திறப்பதற்குள் அறிவு பேசிவிட்டான்.

"நாந்தான் மாமா காரணம். பிளக்கப் புடுங்கச் சொன்னா, நான் புடுங்கல. பொருளு போச்சு. அந்த ஆத்திரத்துல, உங்கப்பா வாங்கிக் குடுத்தது கம்பித் தட்டு, பழைய மாடலுன்னு பேசிட்டேன். தப்பு என்னுது. அதான் வந்தா."

வீம்பு பிடித்த பிள்ளை நடுத்தெருவில் நின்று இதைச் சொல்வான் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

தெய்வசிகாமணியின் முகம் சின்னதாகிப்போனது. கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

"கண்ணாடித் தட்டுந்தான் கடையில இருந்திச்சி" என்றார் மெதுவாக. "கம்பின்னா கனமா பாத்திரம் வெச்சாலும் தாங்கும், காலத்துக்கும் நிக்கும்னு நாந்தான் பாத்து எடுத்தேன். என் பொண்ணு வூட்டுல ஒடஞ்ச பொருளு இருக்கக் கூடாதுன்னு எடுத்தேன்."

அறிவுக்குத் தலை நிமிரவில்லை. கோகிலா வண்டிமேல் நின்றபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்த வார்த்தையை அப்பாவுக்குத் தெரியாமல் இத்தனை நாள் மறைத்தாளோ, அது இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வண்டி கடைக்குப் போவட்டும். என் வாசல்ல ஒண்ணும் எறங்க வேணாம். ஞாயித்துக்கெழம ஃபிரிட்ஜ நானே கொண்டாறேன். எம் பொண்ணும் என்னோட வருவா. அந்தக் கம்பித் தட்ட உங்க வூட்டுல மதிச்சி வெச்சிருந்தாங்கன்னா, அவளே அத எடுத்து உள்ள போடட்டும், நான் சந்தோசமா வுட்டுட்டு வந்துடறேன். அப்பிடி இல்லன்னா எம் பொண்ணக் கையோட கூட்டிக்கினு வந்துடுவேன் மாப்ள. அப்பறம் பெரியவங்க பேசிக்கட்டும்."

"இருக்குது மாமா. எங்கம்மா கழுவி வெச்சிருக்காங்க" என்றான் அறிவு.

"இருந்தா நல்லது. வந்து பாக்கறேன்."

*

கோகிலா வீட்டுக்குள் போகவில்லை. இறங்கி வந்து, கடைவரைக்கும் போய்வர வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீரோடு பெண்ணும் சேர்ந்து போவதைத் தெரு பார்க்கட்டும் என்று அவளுக்கு எண்ணம். அறிவு பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்த அந்த இடத்தில் பகலவன் செவிடனாக இருக்கப் படாதபாடு பட்டான். ரேடியோவைப் போட்டான். அவள் பேச ஆரம்பித்ததும் நிறுத்தினான்.

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

"நீ இல்லாம வூடு வூடா இல்ல கோகிலா" என்றான் அவன். "அந்த வார்த்த பேசினது தப்பு. சோறு எறங்கல."

"சட்டைக்கு இஸ்திரி போட மட்டும் தெரியுதாக்கும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் நகர்ந்து உட்காரவும் இல்லை.

சுபாஷின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். தெருவில் நடந்தது அதற்குள் அவன் ஃபோனுக்கு வந்திருந்தது. மாமாவைப் பார்த்து உர்ரென்று இருக்க வேண்டும் என்று முயற்சி செய்தான். அக்கா முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டான். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான்.

"மிக்சிக்கு ஒண்ணும் ஆவல, பிளக்குல ஒயர் கருகியிருக்குது, இப்பவே மாத்திக் குடுத்துடறேன். ஃபிரிட்ஜுல கம்ப்ரசர் நல்லாருக்குது. வெளிய இருக்கிற ரிலே போயிருக்குது. சேலத்துல இருந்து வாங்கணும். சனிக்கெழமைக்குள்ள போட்டுடலாம்."

"டிவி?"

"டிவியில போர்டும் போச்சு, பேனலும் போச்சு. செலவு பண்ணாலும் ரொம்ப நாளு ஓடாது. இன்னா பண்றது, நீயே சொல்லுக்கா."

அறிவு அவளைப் பார்த்தான். டிவி அவனுக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. இன்று காலையில் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்ன பேச்சுக்கு முடிவு சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பது அவனுக்குப் புரிந்திருந்தது.

"டிவி போவட்டும்" என்றாள் கோகிலா. "நல்லாருக்கற பார்ட்ட நீ எடுத்துக்க. மிக்சிய இவரு இன்னிக்கே கொண்டும்போவட்டும். அத்தைக்குத் தோளு வலிக்கும். ஃபிரிட்ஜு மட்டும் நல்லா செஞ்சி குடு. நாளைக்கே முடியாதா?"

"பார்ட்டு வரணும்க்கா."

"செரி, சனிக்கெழம" என்றாள். அவள் நாளைக்கே என்று கேட்டது அறிவின் காதில் தேனாக விழுந்தது. மெத்தையையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். வெயிலில் ஒரு பொழுது போட்டு எடுக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள்.

பிறகு தன் ஃபோனை எடுத்தாள்.

*

தங்கமணி அடுப்படியில் இருந்தாள். ஃபோனில் கோகிலா பேரைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அத்த" என்றாள் கோகிலா அந்தப் பக்கம். "நாந்தான். கோவமா அத்த?"

"எனக்கு இன்னாம்மா கோவம். சாப்டியா?"

"சாப்டேன். சுபாஷு பாத்துட்டான் அத்த. ஃபிரிட்ஜு ரெடியாயிடும். ஞாயித்துக்கெழம நான் வரேன். அப்பாவும் வராரு."

தங்கமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. கண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டாள்.

"நடந்தத அவரு வந்து சொல்லுவாரு. இங்க ஊரே கூடிடுச்சி, சீரத் திருப்பி அனுப்பிட்டீங்கன்னு. தட்டு உங்ககிட்ட இருக்குதுன்னு சொல்லித்தான் நான் நிறுத்தினேன். அப்பாவுக்குக் கம்பித் தட்டு விசயம் தெரிஞ்சிபோச்சி அத்த. மனசு விட்டுட்டாரு. அந்தத் தட்டு அங்க பத்திரமா இருக்குதான்னு அவரே வந்து பாக்கணுமாம். பாத்தாத்தான் என்ன வுட்டுட்டுப் போவாராம்."

"ஐயோ, இதுவா விசயம். தட்ட கழுவி..." என்று சொல்லிக்கொண்டே தங்கமணி பின்வாசல் பக்கம் திரும்பினாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்துக் காய வைத்திருந்தாள். சுவரோரம் ஈரம் இருந்தது. தட்டு இல்லை. காய்கறி டப்பாவும் இல்லை.

அப்போது ராஜாங்கம் வாசல் வழியாக உள்ளே வந்தார். கையில் புத்தம் புதிய பிளாஸ்டிக் குடம், சிவப்பு நிறம். முகத்தில் ஒரு சாதனை செய்த திருப்தி.

"இன்னா தங்கம், பாத்தியா? அந்தக் கம்பித் தட்டெல்லாம் போட்டு வாங்கினேன். ஃபிரிட்ஜே திரும்பி வராதாம், அறிவு சொன்னான். தட்ட வெச்சிக்கினு இன்னா பண்றது? நல்ல வேள, இரும்புக்காரன் திரும்பி இந்தத் தெருவுக்கே வந்தான்."

தங்கமணி குடத்தைப் பார்த்தாள். ஃபோனில் கோகிலா கூப்பிட்டாள்.

"அத்த? தட்டு இருக்குதில்ல?"

தங்கமணி பொய் சொல்கிறவள் இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் அவள் சொன்ன பொய்களை விரலில் எண்ணிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பத்திரமா இருக்குதும்மா" என்றாள். "நீ வந்து உங் கையால எடுத்துப் போடு. நான் தொட மாட்டேன்."

ஃபோனை வைத்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள். எங்கேயோ தூரத்தில், எந்தத் தெரு என்று தெரியவில்லை, அந்த மைக் குரல் தேய்ந்துகொண்டிருந்தது. ஓடாத மிக்சி, ஓடாத ஃபிரிட்ஜ், ஓடாத டிவி.

"வண்டிய எடுங்க" என்றாள் ராஜாங்கத்திடம்.

"எங்க?"

"தட்டு இல்லாம இந்த வூட்டுக்குள்ள நானும் வரமாட்டேன், நீங்களும் வரமாட்டீங்க. அந்தக் கொடத்தையும் எடுத்துக்கங்க."

அவள் குரலில் சத்தமே இல்லை. அதனால்தான் ராஜாங்கத்துக்குப் பயம் வந்தது. ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, டிவிஎஸ் வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சங்கராபுரத்துக்கு, இன்னொன்று மலைக்கு. வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். குரல் கேட்கவில்லை.